பிறக்காத மடைக்காரன்

முன்னொரு காலத்தில் செங்கால் நாடு என்று ஒரு நாடு. அதை இளமழவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் போட்ட கட்டளையைச் சாயங்காலம் மறந்துவிடுகிற மனுஷன் அவர். நாட்டுக்கே சோறு போட்டது ஒரு பெரிய ஏரி. அந்தத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று முடிவு பண்ணுகிறவன் மடைக்காரன். அவனைச் சனங்களே தேர்ந்தெடுப்பார்கள். கோயில் மைதானத்தில் போட்டியிடுகிற ஆளுக்கொரு பானை வைத்திருக்கும். வீட்டுக்கொரு புளியங்கொட்டை. எவன் பானையில் அதிகம் விழுகிறதோ அவன் கையில் மடைச் சாவி.

ரொம்ப நாளாக ஒச்சன்தான் மடைக்காரன். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கடைமடைப் பயிர் நனையாமல் வீட்டுக்குப் போகமாட்டான். ஏரியை ஒட்டிக் கரும்பு போட்டிருந்த ஆலை முதலாளிகளுக்கு அவன் கண்ணில் விழுந்த தூசி. அவர்கள் சங்கத்தின் தலைவன் பொன்னம்பலவாணன் சபையிலும் ஓர் ஆசனம் பிடித்து வைத்திருந்தான். அந்த வருஷம் தன் மச்சினனைப் போட்டிக்கு நிறுத்தி, நாட்டிலுள்ள முரசுக்காரன், பாட்டுக்காரன், கூத்தாடி அத்தனை பேரையும் கூலிக்குப் பிடித்துப் போட்டான். ‘ஒச்சன் தண்ணீர் திருடுகிறான்’ என்று தெருத்தெருவாகப் பாட்டு. பாவம், திருடன் வீட்டில் அன்றைக்குக் கூழுக்கு உப்பில்லை.

மந்திரி சாத்தனாருக்கு வயிறெரிந்தது. தனியாகப் போய் ராஜாவைப் பார்த்தார்.

“மகாராஜா, முரசு யாரைச் சொல்கிறதோ அவன் பானையில்தான் கொட்டை விழுகிறது.”

“சனங்களுக்கு மூளை கிடையாது என்கிறீரா?”

“அதே முரசுக்காரர்களை வைத்து, பிறக்கவே பிறக்காத ஒருத்தனை ஜெயிக்க வைத்துக் காட்டட்டுமா? காட்டிவிட்டால் கூலி முரசைத் தடை செய்வீர்களா?”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். “பலே! செய்யும்! ஆமாம், ஆள் நேரில் வந்து நிற்க வேண்டாமா?”

“பானை நின்றால் போதும் மகாராஜா. அதுதான் சட்டம்.”

விஷயத்தைச் சொன்னதும் ஒச்சனுக்கு முகம் சுருங்கியது. “எனக்கு விழ வேண்டியதும் அதுலயே போயிருமே சாமி?”

“போனால் போகட்டுமப்பா. குட்டு உடைந்ததும் மறு தேர்தல். என் புத்தியை நம்பு.”

தம் புத்திமேல் அவருக்கு அவ்வளவு காதல்! பிறக்காத பிள்ளைக்கு அழகுவேள் என்று பேர் வைத்தார். ‘அழகுவேள் வந்தால் மூன்று போகம்! கடைமடைக்கே முதல் தண்ணீர்!’ என்று முரசு முழங்கியது. ஒரே வாரத்தில், “எங்க சித்தப்பா கல்யாணத்துல அழகுவேள் பந்தி பரிமாறினாரு” என்று சொல்ல ஆள் கிளம்பிவிட்டது. சாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாம் கொடுத்த கூலிக்கு இவ்வளவு சத்தம் வராதே என்று நடுவில் ஒரு நொடி தோன்றியது. எல்லாம் நம் சாமர்த்தியம் என்று விட்டுவிட்டார். முரசுக்காரர்கள் யாரிடம் தினமும் சம்பளம் வாங்கினவர்கள்? சாத்தனார் அவர்களைக் கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கே பந்தய விஷயம் பொன்னம்பலவாணன் காதுக்குப் போயிருந்தது. அவன் வாயே திறக்காமல் மச்சினனை விலக்கிக்கொண்டு, அழகுவேளுக்காக அள்ளி இறைத்தான்.

தேர்தல் நாளில் அழகுவேள் பானை நிரம்பித் தரையில் சிந்தியது. ஒச்சன் பானையில் அடிகூட மறையவில்லை.

சாத்தனார் மேடையேறினார். “சனங்களே! அழகுவேள் என்று ஒருவனும் கிடையாது. நான் கட்டிவிட்ட கதை. கூலி முரசை நம்பினால் என்ன ஆகும் என்று காட்டத்தான் செய்தேன்.”

மைதானம் சலசலத்தது. அப்புறம் ஒரு குரல்: “எங்க ஆளை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?” ஒரு செருப்பு பறந்து வந்தது. “அழகுவேளை விடு!” என்று கூட்டம் மேடையை நெருக்கியது.

பொன்னம்பலவாணன் கண்ணீரைத் துடைத்தபடி எழுந்தான். “பொறுங்கள் மக்களே! அவர் நம் நாட்டுக்காக விரதமிருந்து காசிக்கு நடந்து போயிருக்கிறார். திரும்பும்வரை சாவியை இந்த அடியேன் வைத்திருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.” ஆரவாரம் வானத்தைப் பிளந்தது.

“மகாராஜா, நம் பந்தயம்!” என்று பதறினார் சாத்தனார்.

ராஜாவோ சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். “பிள்ளையை நீர் பெற்றீர், அவன் தத்தெடுத்துக்கொண்டான்! இதுவல்லவா புத்தி!” தம் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னம்பலவாணன் கழுத்தில் போட்டார். “தடையாவது ஒன்றாவது! அடுத்த மாதம் என் பிறந்தநாள். முரசு வேண்டாமா?”

ஒச்சன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். “மறு தேர்தல் எப்ப சாமி?”

கரும்பு ஆளுயரம் வளர்ந்தது. கடைமடையில் நெல் பால் பிடிக்கும் முன்னே கருகியது. மனசு கேட்காமல் சாத்தனார் அங்கே நடந்து போனார். காத்தாயி என்ற பெண் கருகிய பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அழகுவேள் வரமாட்டான். அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை. ஊரைக் கூட்டு, எல்லாருமாகப் போய் ராஜாவிடம் கேட்போம்.”

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். “இல்லாதவராவே இருக்கட்டும். கடைமடைக்குத்தான் முதல் தண்ணின்னு அவரு பேரைச் சொல்லித்தான் எங்க தெரு வரைக்கும் முரசு வந்துச்சு. நீங்க இருக்கறவருதானே? மந்திரியா இத்தனை வருஷம் இருந்தும், இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் கால் வச்சிருக்கீங்க. அதுவும், எங்களை வச்சுப் பந்தயம் கட்டினேன்னு சொல்றதுக்கு.”

சொல்லிவிட்டு அவள் குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள். ஊரில் யாரையும் அவள் கூப்பிடவில்லை.