சட்டைப் பையில் இருந்த சீட்டு

நியாயம் சொல்லத் துடிக்கிறவர்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளாதீர்கள்.

சங்ககிரியில் நாற்பது லாரி ஓட்டுநர் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தின. எந்த வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், அந்தச் செலவை மற்ற வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். ஆண்கள் மாதத்தில் இருபது நாள் வெளிமாநிலத்தில் கிடப்பதால், சங்கத்தில் உறுப்பினர் மனைவிதான். சேருகிற அன்று அவள் கணவனின் வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், "எனக்குத் தெரிஞ்சு எங்க வீட்டுல யாருக்கும் சீக்கு இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதுவும் கிடையாது. சேரும்போதே தெரிந்திருந்த நோய்க்கு மட்டும் பங்கு கிடைக்காது.

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பத்தெட்டு. கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர். அவருடைய மனைவி சம்பூரணம் முதலில் இன்சூரன்ஸ் போடத்தான் ஆசைப்பட்டாள். ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, இந்த வயதுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாக வேண்டும் என்றார். "நான் என்ன சீக்காளியா?" என்று நாச்சிமுத்து எரிந்து விழுந்தார். சங்கமே போதும் என்றார். சம்பூரணம் சங்கச் செயலாளர் தனபாலிடம் போய், நமக்கு இது சரிப்படுமா என்று விசாரித்தாள்.

"தாராளமா சேருங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். சேர்ற வரைக்கும் டாக்டர் பக்கமே போயிராதீங்க. போனா அவங்க எதையாச்சும் எழுதிக் குடுத்துருவாங்க" என்றார் தனபால். எல்லாரிடமும் அவர் சொல்லும் யோசனைதான் அது. அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

சம்பூரணம் சாவியைப் பிடித்தாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள், சேர்ந்தாள்.

நான்காம் மாதம் நாச்சிமுத்து ஓமலூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்துவிட்டார். சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்தில் மூன்று அடைப்பு. மூன்று நாளைக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்றார் டாக்டர். பெரியாஸ்பத்திரியில் முறை வர மூன்று வாரம் ஆகுமாம். வீட்டில் விற்பதற்கு ஒரு கறவை மாடு இருந்தது. அது இரண்டு நாள் செலவுக்கே காணாது. சம்பூரணத்துக்குச் சங்கத்தை விட்டால் வேறு கதியில்லை.

சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, நர்ஸ் நாச்சிமுத்துவின் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பையில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. சுங்கச்சாவடியில் ஓட்டுநர்களுக்கு நடத்திய இலவச முகாமின் சீட்டு. "ஈசிஜியில் மாறுதல் உள்ளது. உடனே இதய மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. தேதி, சம்பூரணம் சாவியைப் பிடித்த நாளுக்குப் பதினோரு நாள் முந்தியது.

டெஸ்ட் என்றதும் நாச்சிமுத்து எதற்காக எரிந்து விழுந்தார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. குப்பைக்கூடை காலடியில் இருந்தது. சீட்டைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். கிழித்தால் புருஷன் பிழைப்பான். காட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்தில் சீட்டை மேசைமேல் வைத்தாள். "எனக்கு இன்னைக்குத்தானுங்க தெரியும். அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குது. இனி நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

தனபால் சீட்டை இரண்டு முறை படித்தார். "மனசு கேக்கலதான். ஆனா தெரிஞ்ச சீக்குக்குப் பங்கு இல்ல. இன்னைக்கு வளைஞ்சா நாளைக்குச் சங்கமே இருக்காது" என்றார்.

மெகருன்னிசா எழுந்தாள். அவளும் ஓட்டுநர் மனைவி. "உறுப்பினர் சம்பூரணக்கா. அக்காவுக்குத் தெரியாது. சொன்ன சொல்லுல பொய் இல்ல. பங்கு குடுத்துத்தான் ஆகணும்" என்றாள்.

வயதான ஓட்டுநர் ஆரோக்கியம் இடையில் புகுந்தார். "சங்கத்துல இருந்து வேண்டாம். ஆளாளுக்கு முடிஞ்சதக் கையில குடுப்போம்" என்று துண்டை விரித்தார். துண்டில் விழுந்தது மருந்துக்கே பற்றாது.

டாக்டர் சொன்ன கெடுவில் ஒரு நாள் போய்விட்டது. இப்போது சொல்லுங்கள், தனபால், மெகருன்னிசா, ஆரோக்கியம் இந்த மூவரில் யார் பேச்சு நியாயம்?

விடை: மெகருன்னிசாவின் பேச்சுதான் நியாயம். ஆனால் அவள் சொன்ன காரணம் பாதிதான். நாச்சிமுத்து செய்தது தப்பு, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆரோக்கியம் நல்ல மனுஷர். உரிமையோடு கேட்க வந்தவளைப் பிச்சைக்காரியாக்குகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தனபால் டாக்டரைப் பார்க்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பார்க்காதவனைத் தண்டிக்க நின்றார். போகட்டும், முக்கியமான கணக்கு வேறு. அந்தச் சங்கத்துக்கு மூலதனமே வாய்ச்சொல் ஒன்றுதான். புருஷன் உயிரைப் பணயம் வைத்து உண்மை சொன்னவளைக் கைவிட்டால், அடுத்துச் சீட்டுக் கிடைக்கிறவள் அதைக் கிழித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவாள். இதைத்தான் மெகருன்னிசா பிறகு கேட்டாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன, கடைசியில் தனபாலுடையதும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த நாச்சிமுத்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டிருக்கலாமில்ல?" என்றார். "இனிமே டாக்டரு வரச் சொன்னா போவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள் சம்பூரணம். கேட்டுவிட்டு, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகையை, வார்டில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுது தீர்த்தாள்.