எது குறையுது, மாஸ்டர்?

"எனக்கு எது குறையுது, மாஸ்டர்?"

கேட்டவன் தேவசகாயம். மின்வாரியத்தில் லைன்மேன். வயது முப்பத்துநான்கு. கம்பம் ஏறி ஏறித் தோள் இரண்டும் இறுகிப்போனவன்.

கேட்கப்பட்டவர் கபடிப் பயிற்சியாளர் இசக்கியம்மாள். அவனைவிட ஏழு வயது இளையவர். அவன் அவரை மாஸ்டர் என்பான். அவர் அவனை அண்ணே என்பார்.

மூத்தவனை அவன் என்றும் இளையவரை அவர் என்றும் எழுதுகிறேன். களத்துக்குள் அதுதான் முறை.

"என்னண்ணே ஆச்சு?"

"இன்னைக்கும் மாட்டிக்கிட்டேன். தொட்டுட்டுத் திரும்புதேன், நடுக்கோடு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, அமுக்கிப்புடுதானுவ. தினமும் இதே கதைதான்."

"ம்."

"எனக்கு மீசை முளைச்ச நாள்லேருந்து ஆடுதேன். மாவட்ட அணிப் பனியனை ஒரு தடவகூடப் போட்டதில்ல. அடுத்த மாசம் தேர்வு. இதை விட்டா என்னை யாரு கூப்பிடுவா? எல்லாம் சின்னப் பயலுவ வந்துட்டானுவ."

இசக்கியம்மாள் ஸ்டாப்வாட்சையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலில் ஓடச் சொன்னார். ஓடினான். களத்தில் ஆடிக்கொண்டிருந்த சின்னப் பயல்கள் வாயைப் பிளந்தார்கள்.

நின்ற இடத்திலிருந்து தாவச் சொன்னார். தாவினான். நாடாவை இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது.

கம்புகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடச் சொன்னார். ஒரு கம்பும் அசையவில்லை.

காலை நீட்டி உட்கார்ந்து குனியச் சொன்னார். விரல்கள் பாதத்தைத் தாண்டிப் போயின. மணல் மூட்டையைக் காட்டினார். ஏதோ தலையணையைத் தூக்குவதுபோலத் தூக்கினான்.

"என்ன உடம்புண்ணே இது!" என்றார் இசக்கியம்மாள். முகஸ்துதி அவருக்கு வராது. உண்மையிலேயே அசந்துபோயிருந்தார்.

"அப்ப எதுதான் குறையுது?"

"இப்ப பாடிக்கிட்டே ஓடுங்க."

"என்னது?"

"கபடி கபடின்னு பாடிக்கிட்டு. ஒரே மூச்சுல."

ஓடினான். பாதி வழியில் பாட்டு அறுந்தது. தாவினான். கால் தரையில் பட்டதும் 'கப'வோடு நின்றது, 'டி' வரவே இல்லை. குனிந்தான். வயிறு மடங்கி, பூனை கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பயல்கள் சிரித்துவிட்டார்கள்.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த ஊர்ப் பரீட்சையில மாஸ்டர் பாடச் சொல்லுதாங்க?"

"களத்துல சொல்லுதாங்கல்லா."

அவ்வளவுதான். கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

சில நாட்கள் அவன் களத்துப் பக்கமே வரவில்லை.

கால்வாயில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மூச்சடக்குவதாகச் சேதி வந்தது. கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து கபடி கபடி என்று பாடுவதாகவும் சொன்னார்கள். மனைவி ஸ்டெல்லா பயந்துபோய், பங்குச் சாமியாரை அழைத்து ஜெபிக்கச் சொல்லலாமா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாளாம்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தான். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"புரிஞ்சுபோச்சு மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணே."

"மூச்சுதான். வேகம், பலம், வளைவு எல்லாம் அதுக்குக் கீழதான். ஓட்டத்தை விட்டுட்டேன், மூட்டையை விட்டுட்டேன். மூச்சு மட்டுந்தான் பிடிக்கேன்."

"அப்படியா? உக்காருங்க."

சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"பாடுங்க."

பாடினான். என்ன பாட்டு! அறுபடவே இல்லை. பயல்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார்கள். இசக்கியம்மாளும் தலையை ஆட்டி ரசித்தார். ரசித்துக்கொண்டே சற்றுத் தள்ளிப்போய் நின்றார்.

"தொடுங்க."

பாடிக்கொண்டே கையை நீட்டினான். எட்டவில்லை. எழப்போனான்.

"எந்திரிக்கக் கூடாது."

"உக்காந்துக்கிட்டே எப்பிடித் தொட, மாஸ்டர்?"

"பாட்டு அறுந்துபோச்சு. நீங்க அவுட்டு."

தேவசகாயம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பயல்கள் இந்த முறை சிரிக்கவில்லை. களத்தோரம் நின்று பார்த்த எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

இசக்கியம்மாள் பக்கத்தில் வந்து கேட்டார்.

"முன்னால எப்பிடிப் பயிற்சி எடுப்பிய?"

"திங்கக்கிழமை பலம். செவ்வாக்கிழமை வேகம். புதன் தாவுறது. வியாழன் வளையிறது. கிழமைக்கு ஒண்ணு."

"உங்க காலைப் பிடிக்கிறவன், இன்னைக்குச் செவ்வாக்கிழமைன்னு பார்த்தா பிடிக்கான்?"

அவன் எழுந்துபோய் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றினான். கம்புகளுக்கிடையே வளைந்து ஓடினான். குனிந்து தரையைத் தொட்டான். எல்லாவற்றையும் பாடிக்கொண்டே செய்தான். பாட்டு சீக்கிரமே அறுந்தது.

மூட்டையை இறக்கி வைத்து இளைத்தான். பிறகு மறுபடியும் ஏற்றினான்.

தினமும் வந்தான். இசக்கியம்மாள் தினமும் நின்று பார்த்தார். அவன் அளவுக்கு மீறினால் மூட்டையைப் பிடுங்கிப் போட்டார். "உடம்பு நாளைக்கும் வேணும்ணே" என்பார். பெரும்பாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவரைப்போல் பேசாமல் சொல்லிக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

தேர்வு நாள் வந்தது.

வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தேர்வாளர்கள் மூன்று பேர். தேவசகாயத்தின் நரைத்த கிருதாவைப் பார்த்ததுமே ஒருவர் கைபேசியை எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவனைப் பாடிப் போகச் சொன்னார்கள். எதிரே நான்கு பேர். நான்கும் இளரத்தம்.

போனான். இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் ஒருவனைத் தொட்டான். திரும்பினான். கணுக்காலில் ஒரு பிடி. இடுப்பில் இன்னொன்று. மற்ற இருவரும் மேலே வந்து விழுந்தார்கள். வழக்கம்போல, நடுக்கோடு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

ஆள் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது.

கபடி கபடி கபடி.

குவியல் அசைந்தது. ஒரு முழங்கால் மண்ணை உந்தியது. தோள் ஒன்று நான்கு பேரையும் சேர்த்து இழுத்தது. ஒரு கை நீண்டது, இன்னும் கொஞ்சம் நீண்டது. பாட்டு கம்மியது, மெலிந்தது, அறுபடவில்லை. விரல்கள் கோட்டைத் தாண்டி மண்ணைப் பற்றின.

விசில்.

தொடப்பட்டவன், பிடித்தவர்கள் எல்லோரும் வெளியே போனார்கள். நான்கு பேரும்!

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. பக்கத்தில் நின்ற பயல்கள் ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கைபேசிக்காரர் அதை எப்போதோ சட்டைப்பையில் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருப்பா அது? அவருக்கு என்ன அளவு பனியன்னு கேளுங்க!"

தேவசகாயம் எழவில்லை. முகம் மண்ணில் கிடந்தது. கை கோட்டுக்கு அப்பால் அப்படியே இருந்தது.

இசக்கியம்மாள் ஓடவில்லை. நடந்து போனார். அவன் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இப்ப எதுண்ணே குறையுது?"

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். உதட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பினான்.

"தண்ணி, மாஸ்டர்."