சத்தம் வராத நேரலை

நூற்பாலை முதலாளி கனகசபாபதிக்கு ஒன்பது ஊரில் கிளை. முன்பெல்லாம் தொழிலாளர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவார். இப்போது மாதாமாதம் நேரலையில் பேசுகிறார். பேசும்போது யாரும் குறுக்கே வரக்கூடாது என்பது உத்தரவு.

அன்று ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், கேமரா பார்க்கும் குமுதாவைக் கூப்பிட்டார்.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

"நாலாயிரம் பேருங்க. கடைசி வரைக்கும் ஒருத்தர்கூடக் குறையலைங்க."

"பார்த்தாப் போதுமா? காது கொடுத்துக் கேட்காதவங்க பட்டியல் சாயங்காலத்துக்குள்ள வேணும். இல்லைன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்."

"அது ரொம்ப நீளமா வருங்க. கேட்க நினைச்சவங்க பட்டியல் இப்பவே இருக்குதுங்க" என்று போனை நீட்டினாள்.

நேரலைக்குக் கீழே நூற்றுக்கணக்கில் 'அருமையான உரை'. நடுவே ஒரே ஒரு வரி, பல்லடம் கிளை வாட்ச்மேன் மாரப்பன் எழுதியது: 'ஐயா, சத்தமே வரலைங்க.'

கனகசபாபதி சட்டையிலிருந்த மைக்கைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கக் கூடாதென்று, பேச்சுக்கு முன்னால் அவரே அணைத்தது; அப்படியே கிடந்தது.

"நீ ஏன் சொல்லலை?"

"குறுக்கே வரக்கூடாதுன்னீங்களே."

அவர் மைக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"அடுத்த மாசம் இதை மாரப்பனுக்கு மாட்டு."