மஞ்சள் போட்ட ரேடியேட்டர்

சௌந்தரபாண்டி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருடைய தலை காரின் பானட்டுக்குள் இருந்தது.

"கோபத்த விட்டா மனசு அடங்கும்னு சொன்னீங்க. நான் விட்டுட்டேன். தம்பிய மன்னிச்சிட்டேன். அப்புறமும் கண்ண மூடி உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குதேம்மா. ஏன்?"

"மொதல்ல வண்டியப் பாருங்க ஐயா" என்றார் அரசியம்மா. "பவளத்துக்கு நேரமாகுது."

சிறுமலையில் அரசியம்மாவுக்கு ஒரு ஓட்டு வீடு. காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். யாராவது கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். நாற்பது வயதுதான். சௌந்தரபாண்டிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் வயதில் இருப்பவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு. தனக்கு ஆணவம் இல்லை என்பதற்கு அதையே அத்தாட்சியாக வைத்திருந்தார்.

இரண்டு நாளாக அவர் வரவில்லையே என்று அரசியம்மா தேடி வந்திருந்தார். வந்த இடத்தில் ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

உள்ளே கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு அடுக்கிச் சாய்ந்திருந்தார் சௌந்தரபாண்டியின் மனைவி பவளம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு முறை கீழே திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். போன முறை பாதி வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கே திரும்பினார்கள். இன்று பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த முறையும் தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பவளத்தின் கால் இப்போதே வீங்கி, செருப்பு நுழையவில்லை.

பஸ் கண்டக்டரிடம் சொல்லி வரவழைத்த புது வாட்டர் பம்ப் நேற்று மாலைதான் வந்தது. காலை பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று பவளம் சொன்னார். அதற்குள் காரே தயாராகிவிடும் என்று பஸ்ஸைப் போகவிட்டவர் சௌந்தரபாண்டி. வீட்டில் மின்விசிறி, மிக்ஸி என்று எதையும் தானே பிரித்து மாட்டுகிற ஆள். பிரித்ததில் முக்கால்வாசி திரும்ப ஓடியும் இருக்கிறது.

கீழே ஒரு சட்டியை வைத்து ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். பச்சைக் கூலண்ட் திரவமோ வெறும் தண்ணீரோ வரவில்லை. குழகுழவென்று மஞ்சளாக ஏதோ இறங்கியது.

அரசியம்மா குனிந்து பார்த்தார். "என்னது ஐயா?"

"மஞ்சத்தூளும்மா. ஒழுகல் இருந்தா ஒரு கை போடுவாங்க. ஓட்டையில போய் அடைச்சுக்கிரும். டிரைவருங்க எல்லாரும் செய்யிறதுதான்."

"ஒரு கைதான் போட்டீங்களா?"

"மூணு தடவ போட்டேன்."

ஜன்னல் வழியாகப் பவளத்தின் குரல் வந்தது. இடையிடையே மூச்சு வாங்கியது. "டப்பா காலியா கெடக்கு... நான் எலியத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"போட்டதும் ஒழுகுறது நின்னுச்சா?" என்று கேட்டார் அரசியம்மா.

"நின்னுச்சு. ஒரு வாரம் சொட்டு விழல."

"சூடு?"

"அது ஏறத்தான் செஞ்சுச்சு. உள்ள பூரா அடைச்சுப்போச்சுல்ல" என்று முனகியபடி அவர் பேன் பெல்ட்டைத் தளர்த்தினார். ரேடியேட்டருக்குள் குழாயை விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். மஞ்சள் வாசலெங்கும் ஓடியது. வேலிவரைக்கும் போய்த் தேங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வெள்ளைச்சாமியின் வீடு. வாழை ஏற்றுகிற ஜீப் அங்கே நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச்சாமி காலையிலிருந்து ஒரே வாழை மரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அரசியம்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார். "தம்பி உங்கள என்ன பண்ணினாரு?"

"சுடுகாட்டுல வெச்சு ஊரு முன்னாடி என்னையக் கைநீட்டிப் பேசுனான். சொந்த அண்ணன. நாலு வருஷமாச்சு." பம்பின் முதல் போல்ட் கழன்று அவர் கையில் விழுந்தது. "ஆனா மன்னிச்சிட்டேன்."

"எதுக்குப் பேசுனாரு?"

"எங்க அம்மா செத்தப்ப." இரண்டாவது போல்ட் இறுக்கமாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினார். "அவன் வெளியூர் போயிருந்தான். வந்துக்கிட்டே இருக்கேன்னு போன் பண்ணுனான். வழியில மரம் சாஞ்சு கெடந்துருக்கு. லேட்டாயிருச்சு."

"ம்."

"அப்பாவுக்குத் தலமகன், அம்மாவுக்குக் கடசி மகன். கொள்ளி அவந்தான் வெக்கணும். மொற அதுதான். ஆனா வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. எம்புட்டு நேரந்தான் நிப்பாங்க சனங்க. நான் எடுத்து வெச்சிட்டேன்."

"எம்புட்டு நேரம் நின்னாங்க?"

"அரமணி நேரம் இருக்கும்."

மூன்றாவது போல்ட். நான்காவது. பழைய பம்ப் கையோடு வந்தது. அதன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"மழ வந்துச்சா ஐயா?"

சௌந்தரபாண்டி பம்பைத் தரையில் வைத்தார்.

"வரல" என்றார்.

உள்ளே பவளம் இருமினார். இருமல் நிற்க நேரம் பிடித்தது. அரசியம்மா எழுந்து போய் அவர் முதுகைத் தடவிவிட்டு வந்தார். வந்தபோது முகம் மாறியிருந்தது.

"சீக்கிரம் ஐயா. மூச்சு மேல மேல வாங்குது."

அப்போதுதான் சௌந்தரபாண்டிக்கு உண்மையில் பயம் வந்தது. பம்ப் உட்காருகிற இடத்தில் கசிவைத் தடுக்க வைத்த பழைய காகிதப் பேக்கிங் ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேலாகச் சுரண்டினார். மீதியை விரலால் தடவிப் பார்த்தார். மேடு பள்ளமாகத்தான் இருந்தது. பரவாயில்லை என்று புதுப் பேக்கிங்கை அதன் மேலேயே வைத்துப் பம்பை மாட்டினார்.

தண்ணீரும் கூலண்டும் கலந்து ஊற்றினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடியது.

"ஆச்சும்மா. அவளக் கூப்புடுங்க. கெளம்பிரலாம்."

அரசியம்மா அசையவில்லை. "கொஞ்சம் ஓடட்டும் ஐயா. சூடேறட்டும். அப்புறம் பாப்போம்."

"நேரமில்லம்மா."

"பாதி வழியில நின்னா நேரம் இருக்குமா?"

இருவரும் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார்கள். டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே வந்தது. தரை காய்ந்தே இருந்தது. சௌந்தரபாண்டி நிம்மதியாக எழப்போனார். அந்த நேரத்தில் பம்புக்குக் கீழே ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழுந்தது. அடுத்தது உடனே வந்தது. பிறகு நூலாகவே இறங்கியது.

அவர் என்ஜினை அணைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை மாட்டினார்.

"பழசச் சொரண்டணுமோ?" என்றார் அரசியம்மா.

"இறுக்குனாப் போதும்."

"ஐயா."

"இறுக்குனா நிக்கும்மா."

முழு பலத்தையும் போட்டு இழுத்தார். கை வெடுக்கென்று முன்னால் போனது. போல்டின் தலை தனியாக முறிந்து கல்லில் விழுந்தது. மீதித் தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. இனி அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கான சாமான் மலையில் யாரிடமும் கிடையாது.

விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வண்டி வேறு ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, மேலே வர மதியம் ஆகிவிடும் என்றார்கள். போனைப் பையில் வைக்க இரண்டு முறை முயன்றார்.

பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே வாசலுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தோளில் ஆஸ்பத்திரிப் பை இருந்தது. உட்கார்ந்த பிறகும் தோள் ஏறி ஏறி இறங்கியது. காரை ஒரு தரம் பார்த்தார்.

"ஜீப்பு நிக்குது ஐயா" என்றார் அரசியம்மா.

"தெரியும்."

"அப்புறம்?"

"அவனும் பாத்துக்கிட்டுத்தானம்மா நிக்கிறான். மதினி மூச்சு விட முடியாம கெடக்கா. வரவேண்டியதுதான. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன். நாந்தான் எல்லாத்தையும் மன்னிச்சாச்சே."

பவளம் வாயைத் திறந்தார். "அவரு எப்புடிங்க வருவாரு... எங்க வாசல மிதிக்காதடான்னு... நீங்கதான சொன்னீங்க."

"அது கோவத்துல சொன்னது. இப்பத்தான் இல்லையே."

"இல்லங்கிறத... அவருகிட்டச் சொன்னீங்களா?"

அவர் அரசியம்மாவின் பக்கம் திரும்பினார். அங்கே ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தார் போலும். "நீங்களே சொல்லுங்கம்மா. தப்பு செஞ்சவந்தான வரணும்?"

அரசியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முறிந்த இடத்திலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பவளத்தின் மூச்சு வாசல் முழுவதும் கேட்டது. சௌந்தரபாண்டி முறிந்த போல்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே ஐயா."

சௌந்தரபாண்டி ஸ்பானரைக் கீழே வைத்தார். கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். வேகமாகத்தான் கிளம்பினார். போகப் போக நடை தளர்ந்தது. பாதியில் ஒரு தரம் நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிற்கவில்லை.

வெள்ளைச்சாமி கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார். நாலு வருஷத்தில் இருவருக்குமே தலை நரைத்திருந்தது.

"வெள்ள" என்றார் சௌந்தரபாண்டி. மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் கையை நீட்டினார்.

"மதினியக் கூட்டிட்டு வாண்ணே" என்றார் தம்பி. "காலையிலயே டீசல் ஊத்தி வெச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அவர் ஜீப்பை எடுக்கப் போய்விட்டார். சௌந்தரபாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

ஜீப் சுற்றி வந்து தெருவில் நின்றது. வாசலுக்குள் வரவில்லை. அரசியம்மாவும் சௌந்தரபாண்டியும் பவளத்தை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பின் சீட்டில் ஏற்றினார்கள். வெள்ளைச்சாமி ஒரு தலையணையை நீட்டினார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார்.

"முன்னாடி ஏறுங்க ஐயா" என்றார் அரசியம்மா. "பவளத்த நான் பிடிச்சுக்கிறேன்."

சௌந்தரபாண்டி ஏறவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் அருகில் வந்தார்.

"அம்மா. தப்பு எம்பக்கந்தான், அத அவன்ட்டச் சொல்லணும்னு தெரிஞ்சிருச்சு. போனேன். வாய் வரல. இப்ப இவ உசுரு இருக்கிற நெலமையில எப்புடிச் சொல்றது? இவ நல்லபடியாத் திரும்பி வரட்டும். சாவகாசமா ஒரு நாள் அவன உக்கார வெச்சுச் சொல்லிர்றேன். ஆகாதா?"

அரசியம்மா பவளத்தின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"கீழ போறதுக்குள்ள எத்தன வளைவு இருக்கு ஐயா?"

"பதினெட்டு."

"ஏதாவது ஒண்ணுல சொல்லிருங்க."