உக்கிராணத்துச் சாவி

நொய்யலாற்றங்கரையில் ஓர் ஆசிரமம். அங்கே குரு மங்களாம்பிகை அம்மா. சீடர் தாமோதரன் அவரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். காவி கட்டிய பிறகும் அந்த மிடுக்கு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மாலையில் மற்ற சீடர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். அன்றைய சொல் ‘கேப்பபிள்’. ஒரு காரியத்தைச் செய்யக்கூடியவர் என்று பொருள் சொன்னார். இந்த ஆசிரமத்தை நடத்த அம்மா கேப்பபிள் என்று உதாரணமும் கொடுத்தார், அம்மா பின்வரிசையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே.

“நல்ல காரியத்துக்கு மட்டுந்தானா, சார்?” என்று அம்மா கேட்டார்.

கெட்டதுக்கும் சொல்வதுண்டு என்றார் தாமோதரன். ஒருவன் திருடவும் கேப்பபிள் என்றால் அவன் திருடிவிட்டான் என்று அர்த்தமில்லை. திருடக்கூடிய ஆள், அவ்வளவுதான்.

மறுநாள் ஏகாதசி. எல்லோரும் பட்டினி. துவாதசி விடியலில் விரதம் முடிக்கச் சமைக்க வேண்டுமே, அதற்காக ஒருவர் மட்டும் முதல்நாளே உக்கிராண அறைக்குள் போய் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் எடுத்து வைப்பார். காலி வயிற்றோடு, தனியாக. ஒரு வருஷமாக அது தாமோதரனின் பொறுப்பு. அம்மா தன்மேல் வைத்த நம்பிக்கை அது என்று பூரித்துப் போயிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் அம்மா சாவியைக் கையில் எடுத்தார்.

“நீங்க திருடவும் கேப்பபிளா, சார்?”

“நானா? சத்தியமா இல்லை, அம்மா.”

பக்கத்தில் இருந்த சீடர் பெரியண்ணனிடமும் அதையே கேட்டார். அவர் பழைய லாரி டிரைவர். தலையைச் சொறிந்தார்.

“பசி வந்துட்டா என்ற கை சொன்ன பேச்சுக் கேக்காதுங்க. எடுத்துருவனுங்க, அம்மா.”

அம்மா சாவியை அவரிடம் நீட்டினார். தாமோதரனின் முகம் சுண்டிப்போனது.

ஏகாதசியன்று பெரியண்ணன் சாமான்களை எடுத்து வைத்தார், கதவைப் பூட்டினார், நேரே வந்து சாவியை அம்மாவிடம் கொடுத்தார். விடிந்ததும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பஜனைக்குப் போய்விட்டார்.

தாமோதரனுக்குப் பொறுக்கவில்லை.

“எடுப்பேன்னு வாயாலயே சொன்னவர்கிட்டக் கொடுத்துட்டீங்களே, அம்மா. என்கிட்ட என்ன குறை கண்டீங்க?”

“எடுப்போம்னு தெரிஞ்சதனாலதான் அவர் பூட்டினார். நீங்க ஒருநாளும் பூட்டினதில்லை, சார். ஏகாதசிக்கு ஏகாதசி வெல்லமும் குறைஞ்சுகிட்டுதான் இருந்தது.”

மண் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தானே வாயில் போட்டேன் என்பது தாமோதரனின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டார்.