மயில் சுவத்துல ஒரு சன்னல்

ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ராசா ஆண்ட ஊர்ல, சடையாண்டின்னு ஒருத்தன் இருந்தானாம். வீட்டுக்குத் திட்டம் போட்டுக் கட்டிக்குடுக்கிறது அவன் தொழிலு. கை நல்ல கைதான், ஆளுகதான் வரல. அதுக்கு என்ன பண்ணான், தெருவப் பாத்த தன் வீட்டுச் சுவத்துல, சுண்ணாம்பக் குழைச்சு, சாயம் போட்டு, ஆளு உசரத்துக்கு ஒரு மயில் செஞ்சு வச்சான்.

"இதப் பாத்துத்தான் ஊரே என்கிட்ட வரணும்"னான். வந்தாங்க, பாத்தாங்க, போயிட்டாங்க. நின்ன ஒண்ணு ரெண்டு பேருகிட்டயும் இவனே தூணப் பத்தியும் மாடத்தப் பத்தியும் பேசித் தீத்தானே ஒழிய, உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்த கேக்கல. அப்புறம் எவன் நிப்பான்? காலாட்டாம கேளு, கண்ணு.

அந்த மயிலுக்குப் பின்னாடிதான் அடுப்பங்கர. அவன் பொண்டாட்டி பூவாயி அதுக்குள்ளதான் வேகணும்.

"ஏங்க, புக போக வழியில்ல, இந்தச் சுவத்துல ஒரு சன்னல் வைங்க"ன்னா.

"மயில் கழுத்துலயா? மொதல்ல ஆளு வரட்டும்"னான்.

மழ வந்துச்சு, விறகெல்லாம் ஈரம், மறுபடி கேட்டா. "ஆளு வரட்டும்"னான். அப்புறம் இருமல் வந்துச்சு, இருமிக்கிட்டே கேட்டா, "சின்னதா போதுங்க, என் மூஞ்சி அளவு." அப்பவும், "ஆளு வரட்டும்"னான். அதுக்கப்புறம் அவ கேக்கல. ஏன்னு கேக்குறியா? கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு அவளுக்கு. தை பொறக்குமுன்ன செத்துப்போனா.

ஆளு வந்துச்சு. ஊரே வந்துச்சு, எழவுக்கு.

எல்லாரும் போனப்புறம் கஞ்சி வைக்க அவனே அடுப்பு மூட்டுனான். அரிசி கொதிக்குமுன்ன கண்ணெரிஞ்சு, மூச்சு முட்டி, வெளிய ஓடியாந்துட்டான். "இதுக்குள்ளயா அவ இருந்தா"ன்னு தலைல அடிச்சுக்கிட்டு அழுதான். அப்புறம் கடப்பாரைய எடுத்து மயில் கழுத்த இடிச்சான், அவ கேட்ட அளவுக்கு.

தெருவுல போன ஒரு குயத்தி, "நல்ல மயில ஏன்யா இடிச்ச?"ன்னா.

"பொண்டாட்டி சன்னல் கேட்டா, குடுக்கல, செத்துட்டா"ன்னான்.

அவ கிட்ட வந்து அந்த ஓட்ட வழியா அடுப்பங்கரய எட்டிப் பாத்தா. "எனக்கு ஒரு வீடு கட்டிக்குடு"ன்னா.

சடையாண்டி அவ மனைல சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டான். "ஆத்தா, இதுக்குள்ள நடந்து பாரு. அடுப்பு எங்க வேணும், காத்து எந்தப் பக்கம் வேணும், உன் வீட்டுல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?"ன்னு கேட்டான். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நின்னான். அவ சொல்லச் சொல்லக் கோட்ட அழிச்சு அழிச்சுப் போட்டான். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, ஆளு மேல ஆளா வந்து, கடைசில ராசாவே வந்துட்டாரு.

ராசாகிட்டயும் அதே கேள்விதான். "உங்க வீட்டுல மொதல்ல எந்திரிக்கிறது யாரு?"

ராசா சொன்னாரு, "தெரியலையே."

"கேட்டுட்டு வாங்க ராசா, அப்புறம் கட்டலாம்."

ராசா போயிக் கேட்டுட்டு வந்தாரு. "சமையக்கட்டுல ஒரு கெழவியாம், இன்னிக்குத்தான் அவ மூஞ்சியப் பாத்தேன். ஆமா, உன் வீட்டுல யாருப்பா?"

சடையாண்டி தலையக் குனிஞ்சுக்கிட்டான். "இப்ப நான்தான் ராசா."

அரண்மனையே கட்டுனாலும், தெனமும் விடியுமுன்ன எந்திரிச்சு அடுப்ப மூட்டி, புக அந்த ஓட்ட வழியா சொகமாப் போறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பானாம்.

அம்புட்டுத்தான். வீடு கட்டுனா அதுல கெடக்கப் போறவளக் கேட்டுக் கட்டுங்க. எந்திரி, அடுப்பங்கரச் சன்னல உங்கம்மாவுக்குத் தொறந்து விட்டுட்டு வந்து படு.