கரி பிடிக்காத தூண்

“மேடம், காலையிலேருந்து இந்தத் தூணோட மல்லுக்கட்டுறேன். உளி மழுங்கினதுதான் மிச்சம்” என்றார் சவரிமுத்து.

போன வாரம் அந்த உருக்காலையில் உருகிய இரும்பு சிந்தி, எண்ணெய்ப் பீப்பாய்கள் பற்றிக்கொண்டன. கிரேனைத் தாங்கும் கான்கிரீட் தூண்கள் கரி அப்பிக்கொண்டு நின்றன.

சவரிமுத்து புதுக் கட்டடம் எழுப்புவதில் புலி. தீயில் வெந்ததைச் சரிசெய்வது அவருக்குப் புதுசு. அதைக் கற்கத்தான், தன்னைவிட இளைய பொறியாளர் மெஹருன்னிடம் வந்து சேர்ந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மட்டும் எப்போதும் மூன்றே கால்.

“உடைச்சா உதிருதா சார்?” என்றாள் மெஹருன்.

“எங்க உதிருது? தீப்பொறி பறக்குது. ஆனா விடமாட்டேன் மேடம். இந்தக் கறுப்புக்குள்ளதான் வெந்த கான்கிரீட் இருக்கும், மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுத்தான் சாப்பாடு.”

கிரேன் ஓட்டும் பிச்சைக்கனி ஏணியடியில் நின்றான்.

“சார், ஏறட்டுமா? இரும்புக் கொப்பரையத் தூக்கிப் பாக்கணும்னு மேனேஜர் அவசரப்படுத்துறாரு.”

“ஏறுப்பா. கறுப்புத் தூண் பக்கம் வராதே. உலைக்குப் பக்கத்துல ஒண்ணு பளிச்சுனு நிக்குது பாரு, அங்கேயே ஓட்டு. காத்து இந்தப் பக்கம் அடிச்சிருக்கு. அதைத் தீ தொடல.”

“கொஞ்சம் நில்லுங்க கனி” என்றாள் மெஹருன்.

அவள் சவரிமுத்துவின் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். அவர் கண்ணைக் கட்டினாள்.

“என்ன மேடம், கண்ணாமூச்சியா?”

“கண்ணு ரொம்பப் பேசுது சார். அது கொஞ்சம் சும்மா இருக்கட்டும்.”

கையில் சுத்தியலைக் கொடுத்து, முழங்கையைப் பிடித்து நடத்திப்போனாள்.

“தட்டுங்க.”

ணங்.

“அடுத்தது.”

ணங்.

அவருக்கு எரிச்சல் வந்தது. எல்லாம் ஒரே சத்தம். இதற்கா கண்ணைக் கட்ட வேண்டும்? அடுத்ததை ஓங்கியே தட்டினார்.

தொப்.

கை நின்றுவிட்டது. மறுபடி தட்டினார்.

தொப்.

ஏதோ பாளம் பெயர்ந்து, அவருடைய பூட்ஸின் மேல் விழுந்து சிதறியது. விரலால் தூணைத் தடவினார். மணல் மணலாக உதிர்ந்தது. உள்ளே கம்பி தட்டுப்பட்டது.

“இதுதான் மேடம்! இதைத்தான் காலையிலேருந்து தேடுறேன்!”

துண்டை இழுத்துப் போட்டார்.

எதிரே பளிச்சென்று நின்றது அந்தத் தூண். பெயர்ந்த இடம் மட்டும் வெந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

பெயராத இடத்தை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தார்; கை கறுக்கவில்லை.

“வெந்த தூணுல கரியே இல்லையே மேடம். யாரு துடைச்சா?”

“நெருப்பு.”

“நெருப்பா?”

“தீ தள்ளி நின்னு, புகை மட்டும் அடிச்ச இடத்துல கரி படியும் சார். தீ நின்னு எரிஞ்ச இடத்துல அது கரியையும் சேத்து எரிச்சுடும்.”

பின்னால் ஏணி கிறீச்சிட்டது. பிச்சைக்கனி முதல் படியில் கால் வைத்திருந்தான்.

“சார், மேனேஜர் மறுபடியும் கூப்பிடுறாரு. ஏறட்டுமா?”

சவரிமுத்து சுத்தியலோடு போய் ஏணிக்குக் குறுக்கே நின்றார்.

“அவரை இங்க வரச் சொல்லு.”